பெறுநர்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்ற ஏற்பாடு 2024 மே 7-ம் தேதி வந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவு, ஊட்டிக்கும் சேர்த்துத்தான். மலை எத்தனை வண்டி தாங்கும் என்று கணக்குப் பார்ப்பதற்காக. என்ன வண்டி, எத்தனை பேர், ஒரு நாள் பிரயாணமா தங்குவதா, தங்கினால் எங்கே - இவ்வளவையும் கைபேசியில் நிரப்பினால் இ-பாஸ் என்று ஒன்று வரும். அந்த மாதக் கடைசியில் அக்காள் குடும்பம் மதுரையிலிருந்து காரில் வந்து வத்தலக்குண்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு மேலே போவதாகத் திட்டம். என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பியவள் அக்காள் மகள். கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் வருஷம். இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். தன் எண்ணைக் கொடுக்காமல் அம்மாவின் எண்ணைக் கொடுத்ததைக் கவனித்துக் கேட்டேன்.

"அம்மா நம்பர்தான் ஏற்கெனவே ஊர்பூரா இருக்கே மாமா" என்றாள்.

அவள் சொன்னது சரி. அக்காளின் எண் காஸ் கம்பெனியிடம் இருக்கிறது, ஜவுளிக்கடையில் இருக்கிறது, சீட்டு நடத்துபவரிடமும் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது. இன்னொரு இடத்தில் கொடுப்பதில் அவளுக்குப் புதிதாக நஷ்டம் ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு எண்ணைப் பலி கொடுத்து இன்னொன்றைக் காப்பாற்றும் உத்தி என் தலைமுறைக்குத் தோன்றியதில்லை. எனக்கு ஒரே எண்தான். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். கொடுக்கும்போது வலித்ததும் இல்லை. அந்தரங்கம் பற்றி ஏதாவது எழுதவேண்டுமென்று நான் நினைத்துக்கொண்டிருந்த விஷயம் வேறு. இந்தப் படிவம் அதைக் கிளறிவிட்டது, அவ்வளவே.

என் உத்தியோகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான் வங்கி குமாஸ்தா. தேசியமயமான வங்கிகளில் வேலைக்குச் சேரும்போது விசுவாசத்துக்கும் இரகசியத்துக்குமாக ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். 1970-ம் வருஷத்துச் சட்டத்தின் அட்டவணையிலேயே அதன் வாசகம் இருக்கிறது. அதை நான் முழுதாக வாசிக்காமல்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் வாசிக்காமலே கடைப்பிடித்திருக்கிறேன். பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் இறங்கிவரும் ஒரு கிழவி கவுண்டரில் சேமிப்புப் புத்தகத்தை நீட்டுவாள். பின்னால் ஒரு அடி தள்ளி அவள் மகன் நிற்பான். "எம்பூட்டு இருக்குன்னு சத்தமாச் சொல்லிப்புடாதய்யா" என்று உதடு அசையாமல் சொல்வாள். நான் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதி உள்ளங்கையால் மறைத்துக் காட்டுவேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். பார்த்ததும் சீட்டை வாங்கிச் சுருக்குப்பைக்குள் போட்டுக்கொள்வாள். குப்பைக் கூடையில் போட என்னை விடமாட்டாள். இன்னொரு பெரியவர் ஏ.டி.எம். அட்டையின் இரகசிய எண்ணை வரிசையில் நிற்கும் பதினைந்து பேருக்கும் கேட்கிறமாதிரி சொல்லி, சரிதானா என்று என்னைக் கேட்பார். அவரைத் திருத்தும் யத்தனத்தைக் கைவிட்டுவிட்டேன். அந்தக் கிழவிக்குத் தெரிந்த ஏதோ ஒன்று இவருக்குத் தெரியவில்லை. இதில் படிப்புக்குச் சம்பந்தமில்லை. யாரிடமிருந்து மறைக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அரசாங்கத்திடமிருந்தோ வங்கியிடமிருந்தோ அல்ல. ஒரு அடி தள்ளி நிற்கிறவனிடமிருந்து.

அக்காள் மகள் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள். கல்லூரியில் கொடுத்த வேலை: ஒரு வாரம், தினமும் எந்தெந்த ஊடகத்தில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்று குறித்து, அதைப் பற்றி எழுதவேண்டும். மாமா எழுதுகிறவர் என்று வீட்டில் ஒரு வதந்தி இருப்பதால் தமிழைத் திருத்தித்தரச் சொன்னாள். "போட்டோ மட்டும் எடுத்துராதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். வேடிக்கையாகச் சொன்னதுதான். அவள் அறியாமல் சரியான இடத்தில் குத்திவிட்டாள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நோட்டில் கணக்கு இல்லை. முதல் நாளுக்கு மட்டும் மணி வாரியாகப் போட்டுவிட்டு, இரண்டாம் நாளில் நிறுத்தியிருந்தாள். இந்தக் கணக்கைப் போனே போட்டுவைத்திருக்கிறது, அதைப் பார்த்து நான் திரும்ப எழுதுவது எதற்கு என்று கேட்டிருந்தாள். பிறகு கணக்கை விட்டுவிட்டு வேறு எழுதியிருந்தாள். விடுதித் தோழி ஒருத்தி எந்நேரமும் எங்கே இருக்கிறாள் என்று அவள் அம்மா வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருப்பது. அந்தத் தோழி போனை அறையில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்வருவது. திரும்பி வந்ததும் பத்து நிமிஷம் எதுவும் பேசாமல் சந்தோஷமாக இருப்பது. தன்னைப் பற்றியும் கொஞ்சம். இன்ஸ்டாகிராமில் அவளுக்கு இரண்டு கணக்குகள். ஒன்று அத்தைகள், சித்தப்பாக்கள், பழைய டீச்சர்கள் எல்லாரும் பார்ப்பது. அதில் கோயில், பிறந்தநாள், பட்டுப்பாவாடை. இன்னொன்று பூட்டியது. அதைப் பார்க்க அனுமதி பெற்றவர்கள் பதினொரு பேர். அதில்தான் தான் எழுதுவதையும் எடுக்கும் படங்களையும் போடுகிறாள். பதினொரு பேருக்குத் தெரிந்தால் போதும், பன்னிரண்டாவது ஆள் வந்தால் நான் வேறு மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவேன் என்று ஒரு வாக்கியம் இருந்தது.

இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு நோட்டை மூடிவைத்தேன். சிறுபத்திரிகை பற்றி நாம் ஐம்பது அறுபது வருஷமாகப் பக்கம் பக்கமாக எழுதிவந்ததில் இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு எழுத்துவும் தெரியாது, கசடதபறவும் தெரியாது. நான் வேலை பார்க்கும் ஊரில்தான் பி.ஆர். ராஜமய்யர் பிறந்தார், பி.எஸ். ராமையா பிறந்தார், சி.சு. செல்லப்பா வளர்ந்தார் என்று அவளிடம் ஒரு தடவை சொல்லி, "அப்படியா மாமா" என்ற பதிலோடு முடிந்துபோயிற்று. 1959-ல் செல்லப்பா எழுத்துவை ஆரம்பித்து 1970 வரை நடத்தினார். படித்தவர்கள் சில நூறு பேர். புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார் என்பதை அவருடைய தியாகத்துக்கு உதாரணமாகவே நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். எனக்கு இப்போது அதில் வேறொன்றும் படுகிறது. அவருக்குத் தம் வாசகரின் முகம் தெரியும். எழுதுகிறபோதே இன்னார் படிப்பார், இன்னார் சண்டைக்கு வருவார் என்று தெரிந்து எழுதிய எழுத்து அது. லட்சக்கணக்கில் விற்ற வாரப் பத்திரிகைகளுக்குக் கிடைக்காத சௌகரியம். சின்ன எண்ணிக்கை நமக்கு வாய்த்த துரதிர்ஷ்டம் என்று புலம்பிக்கொண்டே, அதன் நிழலில் பத்திரமாக எதையெதையோ எழுதிக்கொண்டும் இருந்தோம். முந்நூறு பிரதி, யார் படிக்கப்போகிறார்கள்?

இந்தத் தைரியத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

இந்தப் பகுதியில் ஊர், வருஷம், கவிதையின் பெயர், பத்திரிகையின் பெயர் எதையும் வைக்கவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர்களைப் பழைய இதழைத் தேடிப் பார்க்கவேண்டாமென்று கேட்டுக்கொள்ளலாம். அது இன்னொரு விதமான விளம்பரம்.

எனக்கு ஒரு கவிஞன் சிநேகிதன். என் வயசு. போனில் பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. ஆனால் கடிதம் எழுதுவான், நீலநிற இன்லண்ட் கவரில், மூன்று மடிப்பிலும் இடம் விடாமல், ஒட்டும் ஓரத்திலும் கூட. நம் காலத்தில் இது கொஞ்சம் பாவனை என்று கேலி செய்திருக்கிறேன். நானும் அதே கவரில் பதில் போட்டேன். ஒன்பது வருஷம் இது நடந்தது. அவனுடைய ஒரு கவிதையில் ஒரு பொருள் வருகிறது. வீட்டில் கிடக்கும் சாதாரணப் பொருள். கவிதை அதைச் சொல்லிவிட்டு மேலே போய்விடும், ஆனால் அதை விட்டு நகரமுடியாது. அது என்னவென்று ஒரு கடிதத்தில் எனக்கு எழுதியிருந்தான். குடும்பத்தில் நடந்த ஒன்று. கேட்காமலே எழுதினான், யாருக்கும் சொல்லாதே என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்திருப்பான்.

அவன் தொகுப்புக்கு நீண்ட விமர்சனம் ஒன்று எழுதினேன். நல்ல கட்டுரை என்று பலர் சொன்னார்கள். அதில் அந்தக் கவிதைக்கு வந்ததும், கவிஞரே எனக்கு எழுதிய கடிதம் ஒன்றில் என்று ஆரம்பித்து நாலு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டேன்.

நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கவிஞர் பெயரில்லாமல் கவிதைகளைக் கொடுத்து எழுதச் சொல்லி, அதை வைத்து 1929-ல் புத்தகம் போட்டதைப் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியவன். கவிஞனின் உத்தேசம் என்ன என்று தேடிப்போவது பிசகு என்று 1946-ல் விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் எழுதியதை இரவல் வாங்கி, தமிழில் மூன்று கட்டுரைகளிலாவது உபயோகித்தவன். பிரதி மட்டுமே சாட்சி என்று மேடையில் பேசியிருக்கிறேன். இப்படிப்பட்டவன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஏன் வந்தேன்? பல தடவை யோசித்துவிட்டேன். பதில் சுலபமானது. அந்தக் கவிதை எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று எழுதியிருக்கலாம். அது விமர்சகனுக்கு அவமானம் ஒன்றும் இல்லை. எழுதும் துணிவு இல்லாமல், கையில் இருந்த கள்ளச்சாவியைப் போட்டுத் திறந்தேன். விமர்சன ரீதியாகவும் அது தோல்விதான். அந்தப் பொருளைப் பற்றி அந்த நாலு வரியைப் படித்தவர்கள் அப்புறம் கவிதையைக் கவிதையாகப் படிக்கவே முடியாது. நானும்தான்.

ஒருவர் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து எழுத்தாளர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பாராட்டித்தான் போட்டார். அங்கிருந்து இன்னொன்று. மூன்றாம் நாள் அது அவன் அம்மாவின் போனுக்கு வந்துவிட்டது, உறவுக்காரர் ஒருவர் மூலம், உங்கள் மகனைப் பற்றிப் புஸ்தகத்தில் வந்திருக்கிறதே என்று. அந்த அம்மாள் சிறுபத்திரிகை படிக்கிறவர் அல்ல. போன் படிக்கிறவர். மகன் அதை எழுத்தில் வைத்திருக்கிறான் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வாட்ஸ்அப் செய்திகள் போகிற வழியில் யாராலும் படிக்கமுடியாதபடி 2016-லிருந்து பூட்டப்பட்டே போகின்றன. கம்பெனியே கூட உள்ளடக்கத்தைப் படிக்கமுடியாது என்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். இன்லண்ட் கவரும் ஒட்டித்தான் வந்தது. எந்தத் தபால்காரரும் அதைப் பிரிக்கவில்லை. தந்திச் சட்டமும் பழைய தபால் சட்டமும் சர்க்காருக்கு ஒட்டுக்கேட்கவும் பிரித்துப் படிக்கவும் அதிகாரம் கொடுத்திருந்தன. அவையும் இந்த விவகாரத்தில் எட்டிப் பார்க்கவில்லை. கடிதம் போய்ச் சேரவேண்டிய கையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த கைதான் திறந்து வெளியே போட்டது.

அந்தரங்கம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வழியில் நிற்கிற திருடனைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்கு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. சட்டமும் அந்தத் திசையில்தான் வளர்ந்திருக்கிறது. 1994-ல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா என்ற வழக்கில், தன்னைத் தனியே விட்டுவிடச் சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று உச்சநீதிமன்றம் சொல்லிற்று; பொது ஆவணங்களில் இருப்பதைப் பத்திரிகை எழுதுவதைத் தடுக்கமுடியாது என்றும் அதே மூச்சில் சொல்லிற்று. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்த்தார்கள். 2023-ல் தகவல் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் வந்தது. வங்கிச் சுற்றறிக்கைகளின் தயவில் அதை நான் படித்திருக்கிறேன். தனிமனிதர் தம் சொந்தக் காரியத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ கையாளும் தகவல்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஆரம்பத்திலேயே இருக்கிறது. அப்படித்தான் இருக்கமுடியும். சிநேகிதர்களுக்கிடையே போலீஸ் வரமுடியாது. ஆனால் காயம் அங்கேதான் படுகிறது.

மலைக்கு வருகிறேன். போகிற வழியில் அக்காள் மகள் நீதிமன்ற உத்தரவையும் ஒரு சினிமாவையும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தாள். 2006-ல் கொச்சிப் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர் குணா குகையின் பள்ளத்தில் விழுந்து, இன்னொருவர் இறங்கி அவரைத் தூக்கிவந்த சம்பவத்தை வைத்து எடுத்த மலையாளப் படம் 2024 பிப்ரவரியில் வந்தது. அதற்கப்புறம் அங்கே கூட்டம் தாங்கவில்லை. அந்த இடத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் பேயின் அடுப்படி என்கிற அர்த்தத்தில் வரும். 1991-ல் குணா வந்தபின் அந்தப் பெயர் அழிந்துபோயிற்று. ஒரு சினிமா பெயர் வைத்தது, இன்னொரு சினிமா கூட்டத்தைக் கொண்டுவந்தது. கம்பி வேலிக்கு இப்பால் வேர்கள் பின்னிக் கிடக்கும் இடத்தில் நாங்கள் போனபோது நிற்க இடமில்லை. எல்லாரும் கையை நீட்டித் தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனுடைய வாழ்க்கையின் மிக மோசமான நாள், பின்னணியாக. அந்த நண்பர்கள் சம்மதத்தோடுதான் படம் வந்தது, அவர்களே பேட்டிகளும் கொடுத்தார்கள். ஆகவே ஆட்சேபிக்க எனக்கு ஒன்றுமில்லை. அவள் தன் போனை எடுக்கவேயில்லை. "இப்ப நான் எத்தனை பேர் போன்ல இருக்கேன் சொல்லுங்க பாப்போம்" என்றாள். எண்ணியிருக்கிறாள். நாற்பத்திரண்டாம். கொஞ்சம் மிகையாக இருக்கலாம்.

அக்காளுக்கு ஏரியும் சாக்லேட்டும் போதும். எனக்கு வான் ஆராய்ச்சி நிலையம் பார்க்கவேண்டும் என்று ஆசை. 1904-லிருந்து சூரியனைப் படம்பிடித்துக் கண்ணாடித் தகடுகளில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். இப்போது அவற்றைக் கணினியில் ஏற்றி உலகத்துக்கே திறந்துவிட்டிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் இப்படிக் கண்காணிக்கப்பட்ட ஜீவன் வேறில்லை. சூரியனுக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

அங்கிருந்து திரும்பும்போது காரில் கோடைப் பண்பலை கிடைத்தது, 100.5. என் அம்மா உயிரோடு இருந்தவரையில் அடுக்களையில் பாடிக்கொண்டிருந்த நிலையம். பாட்டை விட, பாட்டுக் கேட்டவர்களின் பெயரை ஊரோடு வாசிப்பார்களே, அதைத்தான் உன்னிப்பாகக் கேட்பாள். ஒரு தடவை அவள் பெயரும் வந்தது. ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்தார்கள் என்றாலும் ஒரு வாரம் தெருவெல்லாம் அதே பேச்சு. மனுஷருக்குத் தன் பெயர் காற்றில் போகவேண்டும் என்கிற ஆசையும் உண்டு. இதை மறந்துவிட்டு அந்தரங்கம் பேசுவது பொய். ஆனால் அம்மா அந்தக் கார்டைத் தானே எழுதித் தானே தபாலில் போட்டாள்.

இரகசியமெல்லாம் புனிதம் என்று நான் சொல்லவருவதாக யாரும் எடுத்துக்கொண்டுவிடக்கூடாது. இதே கொடைக்கானலில் 1983-ல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று வந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போயிற்று. 2001-ல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் பழைய இரும்புக் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த பிறகு மூடப்பட்டது. தொழிலாளர்கள் பதினைந்து வருஷம் மனுப் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015 ஜூலைக் கடைசியில் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் ஒரு ராப் பாட்டைப் பாடிக் காணொளியாகப் போட்டார். சில நாளில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. பாட்டினால் மட்டும் வந்ததல்ல அது. அந்தப் பதினைந்து வருஷத்து நடையை யாரும் கழித்துவிடமுடியாது. ஆனாலும் மலைக்குள் அமுங்கிக் கிடந்த ஒன்றை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனது அதுதான். கம்பெனியின் மௌனமும் அந்தக் கிழவியின் சுருக்குப்பையும் ஒரே பெயரில் அழைக்கப்படுவது பாஷையின் குறை. ஒன்றில் மறைப்பவனுக்குப் பலம் இருக்கிறது, மற்றதில் இல்லை. என் சிநேகிதன் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவன் சண்டை போடவில்லை. போன் செய்யவும் இல்லை. ஒரு மாதம் கழித்துத் துணிபோட்டுத் தைத்த பார்சல் ஒன்று பதிவுத் தபாலில் வந்தது. பதிவுத் தபால் என்று தனியாக ஒன்று இருந்த காலம். கனமும் அளவும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷமாக நான் அவனுக்கு எழுதிய கடிதங்கள். பெறுநர் என்ற இடத்தில் என் பெயரும் வங்கியின் முகவரியும் அவன் கையெழுத்தில் இருந்தன. வீட்டு முகவரி அவனுக்குத் தெரியும்.

கடிதம் யாருடையது என்பதற்கு ஆங்கில இலக்கிய சரித்திரத்திலேயே தீர்ப்பு இருக்கிறது. 1741-ல் போப் தன் கடிதங்களை அச்சிட்ட கர்ல் என்ற பதிப்பாளர் மேல் வழக்குப் போட்டார். காகிதம் பெற்றவனுக்குச் சொந்தம், வார்த்தை எழுதியவனுக்குச் சொந்தம் என்று தீர்ப்பாயிற்று. இன்றுவரை ஏறக்குறைய அதுதான் சட்டம். இதில் வேடிக்கை, சில வருஷங்களுக்கு முன் அதே கர்ல் தன் கடிதங்களை வெளியிடும்படி மறைவாகச் சூழ்ச்சி செய்தவரும் போப்தான். திருட்டுப் பதிப்பு வந்துவிட்டதே என்று சொல்லித் தானே ஒழுங்கான பதிப்பு போடுவதற்கு. இலக்கியவாதிகளை நம்பமுடியாது என்பதற்குப் பழைய சாட்சியம். நம்மிடமும் புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் கண்மணி கமலாவுக்கு என்று புத்தகமாக வந்திருக்கின்றன. நான் அவற்றைப் பலமுறை படித்தவன், இனியும் படிப்பேன். எழுதியவர் 1948-ல் போய்விட்டார். பெற்றவருக்கு உரிமை உண்டா என்று முன்பு கேட்டிருந்தால் சட்டென்று உண்டு என்றிருப்பேன். இப்போது கொஞ்சம் தயங்கிவிட்டு உண்டு என்பேன்.

போப் வழக்கின்படி பார்த்தால் அந்தப் பார்சல் முழுக்க என்னுடையது. வார்த்தை என்னுடையது, காகிதத்தை அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான். பீரோவின் கீழ்த்தட்டில் போர்வைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தையல் பிரிக்கவில்லை. அவனுடைய கடிதங்கள் மேல்தட்டில், பிஸ்கட் டின்னில். அவற்றையும் திருப்பி அனுப்பிவிடலாமா என்று பல தடவை எடுத்துவைத்து, அனுப்பினால் அது பதிலுக்குப் பதில் ஆகிவிடும் என்று மறுபடி உள்ளே வைத்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையின் கைப்பிரதியை அவனுக்கு அனுப்பினேன். இரண்டு மாதமாகிறது, பதில் இல்லை. பேசாமலிருப்பதைச் சம்மதம் என்று வைத்துக்கொள்வது கச்சேரி வழக்கம். நான் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் இது பீரோவிலேயே இருந்திருக்கும். வராமலிருக்கும்போது அச்சுக்குக் கொடுத்தது சரிதானா என்பதில் எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அக்காள் மகளிடமும் காட்டினேன். இரண்டு விஷயங்களை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டேன். பதினொரு பேர் என்பதை மாற்றவேண்டுமா என்று கேட்டதற்கு, "எண்ணிக்கைதானே, இருக்கட்டும்" என்றாள்.

மலையிலிருந்து இறங்கும்போது வாழைகிரியிலேயே மழை பிடித்துக்கொண்டது. வத்தலக்குண்டில் என் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு அவர்கள் மதுரைக்குக் கிளம்பவேண்டும். துவட்டத் துண்டு எடுக்கிறேன் என்று பீரோவைத் திறந்தவள் கீழ்த்தட்டில் பார்சலைப் பார்த்துவிட்டாள். யாரோ அனுப்பிய புத்தகக் கட்டு என்று நினைத்துக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன், இங்கே எழுதியிருக்கிற அளவுக்கு.

"உள்ள இருக்கறது உங்க லெட்டர்தான மாமா? நீங்களே பிரிச்சுப் படிச்சா யாருக்கு என்ன?"

"எழுதினது நான்தாம்மா. ஆனா அதெல்லாம் அவனுக்கு எழுதினது."

கொஞ்ச நேரம் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, போர்வையை மேலே இழுத்துவிட்டாள். இ-பாஸ் தேதி முடிந்துவிட்டது, இனி அழித்துவிடலாமா என்று அக்காள் வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.